மேட்டு வளைவுக்கு எந்த டயர்?

1.

இந்தக் கதையைத் தரையிலிருந்துதான் பொறுக்கினேன். மரம் அறுக்கும் ஆலையில் என்னோடு பலகை அடுக்குகிறவர்கள், முதல் பனி விழுந்த காலையில் செய்தித்தாளைத் தொடமாட்டார்கள். வழியெல்லாம் டயர் தடங்களைப் படித்துக்கொண்டே வந்திருப்பார்கள். “தபால் வண்டி இன்னும் போகல. பாதிரியார் வண்டி சாராயக்கடைப் பக்கம் திரும்பியிருக்கு.” யார் வண்டியில் என்ன டயர் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். பனி எல்லாவற்றையும் மூடும் என்பது பாட்டெழுதுகிறவர்கள் சொல்வது. அமெரிக்காவின் வட மிச்சிகனில் பனிதான் காட்டிக்கொடுக்கும்.

2.

ரெய்னோ குளிர்காலத்தை வெறுத்தார், ஏனென்றால்

(விட்டுவிட்டேன். ரெய்னோ எதையும் வெறுக்கிற ஆள் இல்லை.)

மறுபடி. ரெய்னோ மரலாரி ஓட்டி ஓய்ந்தவர், மனைவியை இழந்தவர். கோடை முழுக்க ஞாயிறுதோறும் மேட்டு உச்சியில் இருக்கும் டெல்ஃபின் வீட்டுக்குப் போனார். டெல்ஃபின் பள்ளிக்கூடச் சமையல்காரி, தனியாள். கறி அடைத்துச் சுட்ட பாஸ்டி ரொட்டி சாப்பிடுவார்கள், சீட்டாடுவார்கள், சிரிப்பார்கள். கோடையில் சரளைச் சாலை தடம் பிடிக்காது. இப்போது நவம்பர். அவருடைய பிக்கப்பின் டயர் நான்கும் வழுக்கை. அந்த மேட்டில் ஏறியாக வேண்டும். ஊருக்கும் தெரியக்கூடாது.

3.

டயர்க்கடை வெர்னாவுடையது. கை எப்போதும் கறுப்பு, வாய் எப்போதும் சூடு.

“எந்த ரோட்டுல ஓட்டப்போறீங்க அண்ணே?”

“எல்லா ரோட்டுலயும்தான்.”

“எல்லா ரோட்டுக்கும் ஒரே டயர்னு எவன் வேணா விப்பான், நான் விக்கமாட்டேன். சமமா, மேடா?”

“கொஞ்சம் மேடு.”

“கொஞ்சம்னா?”

“நல்ல மேடுதான். நடுவுல ஒரு வளைவு.”

“வளைவுல ஊத்துத்தண்ணி கசிஞ்சு உறையுமோ?”

ரெய்னோ வெர்னா தந்த காப்பிக்குள் பார்த்தார். சுற்றுவட்டாரத்தில் அப்படி உறையும் வளைவு ஒன்றுதான், டெல்ஃபின் வீட்டு வழியில்.

வெர்னா இரண்டு டயர்களை உருட்டி வந்தாள். “இது ஊர்ல பாதிப்பேரு போட்டிருக்கறது. சேத்துல சிங்கம், ஐஸுல வெறச்ச கட்டை. இதப் பாருங்க, பக்கத்துல மலையும் பனிப்பூவும் முத்திரை, பனிக்குன்னே செஞ்சதுன்னு அர்த்தம். ஒவ்வொரு ரப்பர் கட்டத்துலயும் மெல்லிசா கீறல். எந்தக் குளிர்லயும் ரப்பர் மெத்துனு இருக்கும்.”

“தடம் எப்படி விழும்?”

“மீன்முள்ளு மாதிரி. குருடனும் படிச்சிருவான்.”

“அப்ப அந்தச் சிங்கத்தையே குடும்மா.”

“எடுத்துக்கோங்க. பள்ளத்துல கெடந்தா கயிறு கட்டி இழுக்க ஊரே வரும்.*”

* இங்கே இழுத்துவிடக் காசு வாங்கமாட்டார்கள். ஈஸ்டர் வரை அதையே சொல்லிச் சிரிக்கும் உரிமைதான் கூலி.

4.

இந்த இடத்தில் ரெய்னோ மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. கிண்டலுக்கு இவ்வளவு பயப்படுகிறவன் எனக்கு எதற்கு? எழுதியதை ஆலை மேஸ்திரியிடம் படித்துக்காட்டினேன். “போடா மடையா. அவன் தனக்கா பயப்படறான்? ஸ்கூல் சமையக்கட்டுல நாலு பேரு வாய்ல அவ விழக்கூடாதுன்னு பாக்கறான்” என்றார். சரிதான். மேலே உள்ளதை அப்படி நினைத்துக்கொண்டு இன்னொரு முறை படியுங்கள்.

வெர்னா கையைத் துடைத்தாள்.

“அண்ணே, போன வாரம் டெல்ஃபின் அக்கா வந்திருந்தாங்க.”

“ம்.”

“இதே மீன்முள்ளு நாலு. அவங்களும் தடம் எப்படி விழும்னுதான் கேட்டாங்க. ஊருக்கே தெரியும் அக்கான்னேன்.”

“என்ன சொன்னா?”

“அப்ப இதையே மாட்டுன்னாங்க.”

ரெய்னோ காலிக் கோப்பையை இரண்டு முறை உறிஞ்சினார். காது சிவந்துவிட்டது.

“ஸ்டெப்னிக்கும் அந்த மீன்முள்ளையே போடும்மா.”

5.

(அ) முதல் நாளே வளைவில் வண்டி சறுக்கி

(இல்லை. நல்ல டயர் அது. பொய் எழுதமாட்டேன்.)

(ஆ) கல்யாணம். யாராவது எழுதட்டும். எனக்குப் பலகை அடுக்கத்தான் வரும்.

(இ) முதல் பனி. ஆலை வாசலில் நாங்கள் எல்லாரும். மேட்டுச் சாலையில் ஒரு ஜோடி மீன்முள் மேலே போயிருக்கிறது, ஒரு ஜோடி கீழே வந்திருக்கிறது. அவர்கள் இருவர் வண்டியிலும் அதே முள்.

“ரெய்னோ ஏறி எறங்கியிருக்கான்” என்றார் மேஸ்திரி.

“அவதான்யா எறங்கி வந்து ஏறியிருக்கா.”

“நீ கண்டே.”

சங்கு ஊதியும் எவனும் நகரவில்லை. பனி மறுபடி கொட்டத் தொடங்கிவிட்டது. (பனி மூடாது, காட்டிக்கொடுக்கும் என்று முதலில் எழுதினேன், அதை அடித்துவிடுங்கள்.) தடம் இன்னும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். சீக்கிரம் வாருங்கள். குனிந்து பார்த்து நீங்களே சொல்லுங்கள், நேற்று சீட்டாட்டம் யார் வீட்டில்?