இடது இமை

"கொஞ்சம் அழுத்திப் பிடிங்கலா," என்றாள் மாரியம்மா அத்தை.

தனேஸ்வரன், சவப்பெட்டியில் கிடந்த சன்னாசியின் இடது இமையைக் கீழே இறக்கிப் பிடித்தார். விரலை எடுத்ததும் அது மெல்ல மேலே ஏறிக்கொண்டது. பதினைந்து வருசமாகச் சவ அடக்க வேலை பார்ப்பவர், அவருக்கே வேர்த்துவிட்டது.

"எங்கண்ணன் சின்ன மகனத் தேடுறாரு," அத்தை மூக்கைச் சிந்தினாள். "தஞ்சோங் மாலிம்லேருந்து யுகேன் வந்துக்கிட்டு இருக்கான்ல. அவன் கை பட்டா மூடிக்கும்."

கூடத்தில் இருந்த சொந்தமெல்லாம் தலையாட்டியது. கால்மாட்டில் நின்ற மூத்த மகன் மகேந்திரனுக்கு வயிறு எரிந்தது. செத்த பிறகுமா?

இமை ஏன் மூடவில்லை என்று அவனுக்குத் தெரியும். நிமோனியாவில் படுத்த அப்பா பன்னிரண்டு நாள் மூச்சு மிஷினில் மயங்கிக் கிடந்தார். அப்படிக் கிடப்பவர்களுக்குச் சில சமயம் இமை முழுசாக மூடாது, கருவிழி காய்ந்து கிருமி ஏறிப் புண்ணாகிவிடும் என்றார் கண் டாக்டர். தெளிந்து எழுந்தபோது இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. வெளிச்சம் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. இடது இமை அதற்குப் பிறகும் சரியாக மூடவில்லை.

மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. மகேந்திரன் லாரி ஒர்க்‌ஷாப்பில் லீவு சொல்லிவிட்டுப் பகல் முழுக்க அவனே போட்டான். சொட்டு விட்டு, இமையை இறக்கி, இரண்டு நிமிடம் பிடித்திருக்க வேண்டும். கையுறை இல்லாமல் தொடவே கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

முதல் நாளே அப்பா கேட்டார். "யுகேனா? கை மெத்துனு இருக்கு."

"நான் மகேன்ப்பா."

"அவன் கை உப்புத்தாளாட்டம் இருக்கும். எனக்குத் தெரியாதா?" அப்பா சிரித்துக்கொண்டார்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே குரல். முகக்கவசம் வேறு. நாற்பது வருசம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய மனிதருக்குக் கன்னத்தில் பட்டது ரப்பர் என்று தெரியவில்லை. அந்தக் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கையால் தொட்டுக் காட்ட வேண்டும் என்று மகேந்திரனுக்கு எத்தனை தடவை தோன்றியிருக்கும்! நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய். புண் பெரிதாகிவிட்டால்? கழற்றவில்லை. தம்பி பேருக்கே இருபது நாள் வேலை பார்த்தான்.

கார் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருக்கும் யுகேந்திரன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். "சின்னவன்தான் கண்ணுக்குள்ள வச்சுப் பாக்குறான்," என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் அப்பா சொல்லும்போது, அவன் மறுக்காமல் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தான்.

நிமோனியா திரும்பியதில் இன்று விடியற்காலையில் அப்பா போய்விட்டார்.

பத்து மணிக்கு யுகேந்திரன் குனோங் ராபாட் வீட்டு வாசலில் காரை நிறுத்தினான். அழுத கண்ணோடு வந்தவனை அத்தை நேராகப் பெட்டியருகே இழுத்துப் போய் அவன் கையை எடுத்து அப்பாவின் கண்மேல் வைத்தாள். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கையை எடுத்தான். இமை ஏறியது. வெள்ளை படர்ந்த கண் தெரிந்தது.

மகேந்திரனுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இதற்கா சந்தோஷம் என்று உடனே வெட்கமும் வந்தது.

யுகேந்திரன் அண்ணன் பக்கம் நகர்ந்து வந்து தாழ்ந்த குரலில் சொன்னான். "சொட்டு போடுறது நான்னு அப்பா நெனச்சாரு. இல்லைன்னு நான் சொல்லியிருக்கணும்ணே."

"ஏன் சொல்லல?"

"கேக்க நல்லா இருந்துச்சு."

மகேந்திரன் அவனையே பார்த்தான். அறையலாம் போல இருந்தது. "தள்ளுடா," என்றான்.

தனேஸ்வரன் தன் பையிலிருந்து ஒரு ஜோடி கையுறையை உருவி நீட்டினார். "போட்டுக்குங்கண்ணே. கண்ணுல புண்ணு இருக்கு."

"வேணாம்லா."

காய்த்துப்போன கட்டைவிரலால் இமையை இறக்கினான். பழகிய இடம். ஆனால் அப்பாவின் தோல் எப்படி இருக்கும் என்பது இப்போதுதான் தெரிந்தது. குளிர்ந்து, சன்னமாக, மூக்குக் கண்ணாடி பதிந்த சின்னப் பள்ளத்தோடு. நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி பிடித்துக்கொண்டு நின்றான்.

இரண்டு நிமிடத்துக்கு மேலேயே ஆகியிருக்கும்.

"கைய எடு மகேன், மூடிருச்சானு பாப்போம்," என்றாள் அத்தை.

அவன் எடுக்கவில்லை.

"மகேன்..."

"இருங்க அத்தை," என்றான். வெளியே, அப்பாவை ஏற்றிப்போகும் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. அப்போதும் அவன் விரல் அங்கேயேதான் இருந்தது.