நெருப்பில்லாமல் அடித்த மணி

1

இந்தக் கதை ஓர் அவமானத்தில் பிறந்தது. உத்வேகம், தரிசனம் என்று கௌரவமாக ஏதாவது சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நடந்தது நானூறு பேருக்கு முன்னால், ஒலிபெருக்கி வழியாக.

காலை எட்டே முக்கால். சுரங்க ரயில் நிலையத்தின் கீழ்த்தளத்தில், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பழைய கதையைத் திருத்திக்கொண்டிருந்தேன். தீ எச்சரிக்கை மணி அடித்தது. சுற்றியிருந்தவர்கள் சலித்துக்கொண்டே எழுந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. எனக்கு உள்விவரம் தெரியும் என்கிற திமிர். அந்த நிலையத்தின் மேற்பார்வையாளர் என் அண்ணி. ஒரே மாதத்தில் அங்கே நான்கு முறை பொய்மணி அடித்தது எங்கள் சாப்பாட்டு மேசையில் ஆறிப்போன செய்தி.

பதிவுசெய்த குரல் நின்று, வேறொரு குரல் வந்தது.

"மூணாவது பெஞ்ச், கட்டம் போட்ட சட்டை. எங்க வீட்டுக் கொழுந்தனாரே, உங்களைத்தான். கால்ல வெந்நியை ஊத்திக்க வேணாம், சாதாரணமா நடந்து வந்தா போதும். ஆனா இப்பவே வரணும்."

படியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நடந்தேன். காது சூடாகி, வெளியே காற்றுப் பட்ட பிறகும் ஆறவில்லை.

2

முதல் வரி என்று எழுதி அடித்தவை:

"கரும்புகை சூழ்ந்த சுரங்கத்தில் அவள் ஒருத்தி மட்டும்" [பொய். அன்று மணியை எழுப்பியது சுவரில் துளை போட்ட தூசி.]

"மரணத்தின் மிக அருகில் நாம் தினமும்" [யார் இந்த 'நாம்'? நான் ரயிலின் மிக அருகில்தான் இருந்தேன்.]

"என் அண்ணி ஒரு வீராங்கனை." [இதை அண்ணி படித்துவிட்டு, "அப்போ வீராங்கனைக்குப் பாத்திரம் கழுவ ஒரு ஆள் போடு" என்றார். வரியை அடித்துவிட்டேன். பாத்திரத்தையும் கழுவினேன்.]

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். இங்கே புகைகூட இல்லாமல் மணி அடிக்கிறது. ஒன்றுமே நடக்காததைக் கதையாக எழுதுவது எப்படி என்று யாராவது எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

3

கட்டுப்பாட்டு அறை எங்கள் குளியலறையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. பதினாறு கேமராத் திரைகள், ஒரு மைக், சின்னச் சின்ன விளக்குகள் வைத்த ஒரு பலகை. எந்த அறையில் புகை தெரிந்ததாகக் கருவிக்குத் தோன்றுகிறதோ, அந்த அறையின் எண் பலகையில் சிவப்பாக மின்னும். அதிலிருந்து இரண்டு நிமிடம் அவகாசம். அதற்குள் ஓர் ஊழியர் ஓடிப்போய்ப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொன்னால் மணியை நிறுத்திவிடலாம்.

கீழ்த்தளத்தின் கோடியில் இருக்கும் சாமான் அறைக்குப் போக நான்கு நிமிடம் ஆகும். [நானே போய்ப் பார்த்தேன். ஓடினால் மூன்று. மூச்சு வாங்க ஒன்று.]

அதனால் அண்ணி காத்திருப்பதில்லை. முதலில் ஜனங்களை வெளியே அனுப்புவார், பிறகு அறையைப் பார்க்கச் சொல்வார். ஐந்து முறை அப்படிச் செய்தார். கருகிய ரொட்டி*, வெந்நீர் ஆவி, தூசி, யாரோ கழிப்பறையில் அள்ளித் தெளித்த வாசனைத் தைலம், மறுபடியும் தூசி.

[* ரொட்டியைக் கருக்கியவர் யார் என்று எழுத மாட்டேன் என அண்ணிக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். அண்ணிக்கு ரொட்டி வாட்ட வராது என்பது மட்டும் ஊரறிந்த விஷயம்.]

இப்போது நான் வாயைப் பிளந்த இடத்துக்கு வருகிறேன். பதிவுசெய்த குரல் இப்படிச் சொல்லும்: "தவிர்க்க இயலாத காரணங்களால் பயணிகள் பதற்றமின்றி வெளியேறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." முதல் முறை அது மூன்று தடவை ஒலித்தும் பாதிப் பேர் அசையவில்லை. எழுதிப் பிழைப்பவனாகச் சொல்கிறேன், தப்பு ஜனங்கள் மேல் இல்லை. அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. கேட்டுக்கொள்ளப்படுகிறார்களாம், யார் கேட்டது?

அண்ணி மைக்கை எடுத்தார். திரையில் தெரிந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். "சிவப்புப் பை வெச்சிருக்கிற அக்கா, இடது பக்கப் படி காலியா இருக்கு, அதுல வாங்க." "டீ குடிக்கிற அண்ணா, கப்பைக் கையிலயே எடுத்துக்கோங்க, யாரும் பிடுங்க மாட்டாங்க." "மடிக்கணினித் தம்பி, அது மூடலைன்னாலும் பரவாயில்ல, நீ எந்திரிச்சா போதும்பா."

முன்பு பதினோரு நிமிடம் பிடித்த இடம் ஐந்து நிமிடத்தில் காலியானது. இதை எந்தப் பயிற்சியிலும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. முறை சொல்லிக் கூப்பிட்டால் மனுஷன் திரும்பிப் பார்ப்பான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். இருபது வருடமாக எழுதுகிறேன். என் ஒரு வாக்கியத்துக்காக யாரும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

4

கதைக்கு ஓர் அதிகாரி வேண்டும். அண்ணியின் மேலதிகாரியையே வில்லனாக்க மூன்று முறை முயன்றேன். [மீசை கொடுத்தேன், எடுத்தேன், மறுபடி கொடுத்தேன்.] ஒட்டவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் சிக்கல்.

ஐந்தாவது மணி அடித்த மறுநாள் அண்ணியைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். 'இனி ஊழியர் நேரில் பார்த்து உறுதிசெய்த பிறகே பயணிகளை வெளியேற்றுவேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. போடாவிட்டால் கட்டுப்பாட்டு அறை இல்லை, பயணச்சீட்டு ஜன்னல்தான்.

"புலி வருது, புலி வருதுன்னு அஞ்சு தடவை சொல்லிட்டீங்கம்மா. நிஜமாவே வர்றப்போ ஒருத்தரும் நகர மாட்டாங்க" என்றார்.

"நகர்றாங்க சார். ஒவ்வொரு தடவையும் நகர்ந்தாங்க."

அதிகாரி கணினித் திரையை அண்ணியின் பக்கம் திருப்பினார். மூன்றாவது பெஞ்ச். கட்டம் போட்ட சட்டை.

"உங்க வீட்டு ஆளே உக்காந்திருக்காரே."

இதை அண்ணி வந்து சொன்னபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. துவைத்த சீருடையை மடித்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது தடவை ஒரு அம்மா படியில வழுக்கி விழுந்தாங்க, மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தேன். 'தீயும் இல்ல, ஒண்ணும் இல்ல, உங்க பேச்சைக் கேட்டுத்தானே வந்தேன்'னாங்க தம்பி."

"பேசாம கையெழுத்துப் போட்டுடுங்க அண்ணி."

"போட்டுட்டு? அடுத்த மணிக்கு என் ஆளுங்கள்ல ஒருத்தரை, போய் அந்தக் கதவைத் திறந்து பாருன்னு அனுப்பணும். நானூறு பேரை பிளாட்பாரத்துல நிக்க வெச்சுட்டு நாலு நிமிஷம் நான் திரையைப் பாத்துட்டே உக்காந்திருக்கணும். உக்காருவியா நீ?"

நான்தான் உட்கார்ந்தேனே.

மறுநாள் அண்ணி அதிகாரியிடம் போய்ச் சொன்னது இது: "அடுத்த மணிக்கு நீங்களே வந்து என் பக்கத்துல நில்லுங்க சார். நான் கூப்பிட்டும் ஒருத்தர், ஒரே ஒருத்தர் எந்திரிக்கலைன்னா, அங்கயே கையெழுத்துப் போட்டுடறேன்."

அதிகாரி ஒப்புக்கொண்டார். ஆறாவது மணி இன்னும் அடிக்கவில்லை. கதை அதற்குள் முடிய வேண்டும் என்று எனக்குப் பேராசை.

5

முதல் முடிவு: ஆறாவது மணி நிஜத் தீ. அண்ணி எல்லோரையும் காப்பாற்றுகிறார், அதிகாரி தாளைக் கிழித்துப் போடுகிறார், கைதட்டல். நன்றாகவே எழுதியிருந்தேன். அண்ணி படித்துவிட்டுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

"எதுக்கு என் ஸ்டேஷனுக்குத் தீ வெச்சே?"

"நீங்க செஞ்சது சரின்னு நிரூபிக்கத்தான் அண்ணி."

"தீ வந்தாதான் சரியா? அப்போ வராத அஞ்சு தடவையும் நான் கிறுக்கியா? எல்லாரும் மேல போனாங்க, உள்ள ஒண்ணும் இல்ல, முணுமுணுத்துட்டே திரும்பி வந்து ரயில் ஏறினாங்க. இதைவிட நல்ல முடிவு எழுத வருமா உனக்கு?"

வரவில்லை. அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துவிட்டேன். வாசகருக்குத் தீ வேண்டும் என்று தெரியும். எனக்கும் வேண்டியிருந்தது. ஆனால் ஒன்றும் நடக்காமல் போவதற்காக ஒருவர் தன் பேரையும் வேலையையும் பணயம் வைக்கும்போது, நான் போய் அங்கே கொள்ளி வைப்பது அயோக்கியத்தனம்.

இரண்டாவது முடிவு: அண்ணி பேனாவை எடுத்து, அந்தக் கோட்டின் மேல்

[இதற்கு மேல் கை ஓடவில்லை.]

6

ஆகவே ஆறாவது மணியை நானே அடித்துவிடுகிறேன். மாலை ஐந்தரை, நல்ல கூட்டம். பலகையில் கீழ்த்தளச் சாமான் அறையின் எண் மின்னுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். அதிகாரி அண்ணியின் பக்கத்தில் நிற்கிறார். மேசையில் தாள், மேலே பேனா.

"தோள்ல குழந்தை தூங்கற அப்பா, இடது படி, மெதுவா. பச்சைத் துப்பட்டா தங்கச்சி, பின்னால வர்ற தாத்தாவுக்குக் கொஞ்சம் கை கொடும்மா."

திரைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. நான்கு நிமிடம். பதினைந்து திரையில் வெறும் தரை. பதினாறாவதில் ஒரே ஓர் ஆள், எதையோ படித்துக்கொண்டு, தலை நிமிராமல்.

அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றி அண்ணியின் பக்கம் நகர்த்துகிறார்.

"ஒரு நிமிஷம் சார்" என்று அண்ணி மைக்கை வாயருகே இழுக்கிறார்.

"படிச்சிட்டிருக்கிறவங்களே. முகம் தெரியல, அதனால உங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடறதுன்னு எனக்குத் தெரியல. கோவிச்சுக்காதீங்க. உள்ள ஒண்ணும் இருக்காதுன்னுதான் நானும் நினைக்கிறேன். இருந்தாலும் எந்திரிங்க."

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். நான் எழுதுகிறவன்; அந்தத் திரையில் படித்துக்கொண்டிருப்பது நான் இல்லை.