பின்பக்கம் இல்லாத திரை

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இஸ்திரிக்குப் போட்ட சட்டைகளை வாங்கப் போன இடத்தில் கிடைத்த கதை இது. இந்தோனேசியாவில், சலாத்திகா என்ற ஊரில், என் வீட்டுக்கு எதிர்ச்சந்தில் இஸ்திரி போடுகிற வாகினெம், அன்று மேசைமேல் குளியலறைத் திரைச்சீலை ஒன்றை விரித்து, அதன்மேல் ஈரத்துண்டைப் போட்டு, பயந்து பயந்து தேய்த்துக்கொண்டிருந்தார். பால் நிறப் பிளாஸ்டிக். ஒரு மூலை ஏற்கெனவே உருகிப்போயிருந்தது.

"இதையெல்லாமா தேய்ப்பாங்க?" என்றேன்.

"மடிப்பு தெரிஞ்சா நடிகை மூஞ்சி ரெண்டாப் பொளந்துடும்ல? உங்க சட்டை நாளைக்கு. போங்க, போங்க."

பெருநாளுக்கு அக்கா வருகிறாள், படம் போட்டுக் காட்டப்போகிறேன் என்றார். அந்தப் பெருநாளுக்கு நான் ஊரில் இல்லை. ஆகவே இனி வருவதில் பாதி மற்றவர்கள் சொன்னது, பாதி நான் இட்டுக்கட்டியது. எது எந்தப் பாதி என்று மட்டும் கேட்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: 'மலைச்சரிவில் மாலை மெல்ல இறங்கிக்கொண்டிருந்த...' வேண்டாம். மாலை எந்த ஊரிலும் மெல்லத்தான் இறங்குகிறது.

இரண்டாவது: 'அக்காவும் தங்கையும் முப்பத்தெட்டு வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை.' நல்ல வரி. ஆனால் பொய். ஒவ்வொரு பெருநாளுக்கும் பேசினார்கள். தங்கை அக்கா வீட்டுக்குப் போய், குனிந்து கையைப் பிடித்து, "உள்ளும் புறமும் செஞ்ச பிழையெல்லாம் மன்னிச்சிடு, ம்பாக்" என்பாள்.* அக்கா, "நீயும் மன்னிச்சிடு, நெம்" என்பாள். பிறகு அன்னாசி பிஸ்கட் டப்பாவைத் திறப்பார்கள். முப்பத்தெட்டு தடவை மன்னிப்புக் கேட்டாயிற்று. எதற்கென்று ஒரு தடவைகூட இருவரும் வாய்திறந்ததில்லை.

(* அங்கே அக்காவை ம்பாக் என்பார்கள். தொடக்கத்து 'ம்' வாய்க்குள் அடங்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. நெம் என்பது வாகினெமின் வால். செல்லமாகக் கூப்பிட வால் போதும்.)

3

எதற்கென்று நான் சொல்கிறேன்.

அப்போதெல்லாம் கல்யாணம் என்றால் மைதானத்தில் மூங்கில் நட்டு, வெள்ளைத்துணி கட்டிப் படம் போடுவார்கள். படக்கருவி இருக்கும் பக்கம் நாற்காலிகள், அது அழைக்கப்பட்டவர்களுக்கு. துணிக்குப் பின்பக்கம் வெறும் தரை. அது அழையா விருந்தாளிகளுக்கு. பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் இடவலம் மாறித் தெரியும். கதாநாயகன் இடதுகையால் குத்துவான். இந்திப் படத்துக்கு அடியில் ஓடுகிற அவர்கள் பாஷை எழுத்து, கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பி ஓடும். அதை மூச்சுவிடாமல் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் ராத்மி, பதினேழு வயது. அவள் உரக்கப் படிப்பாள், பின்பக்கம் மொத்தமும் அதைக் கேட்டு அழும், சிரிக்கும். பாயில் அவள் பக்கத்து இடம் தங்கை வாகினெமுக்கு. (கதைக்குள் வந்ததும் 'அவர்' 'அவள்' ஆகிவிட்டார். கிட்டே போக வேறு வழி தெரியவில்லை.)

பிறகு ராத்மிக்கே கல்யாணம். மாப்பிள்ளை அரிசி ஆலைக்காரர் மகன். திரை கட்டினார்கள். பதினாலு வயது வாகினெம் தட்டெல்லாம் கழுவிப்போட்டுவிட்டு வந்தபோது முன்பக்கம் முழுக்க ஆலைக்காரர் சனம். பழக்கதோஷத்தில் பின்பக்கம் போனாள். பக்கத்தில் செருப்பைக் கழற்றிவைத்து அக்காவுக்கு இடமும் பிடித்தாள். கல்யாணப்பெண் எங்கே வருவாள்!

(செருப்பு நான் சேர்த்தது. கொஞ்சம் உருக்கமாக இருக்கட்டுமே என்று.)

'உன் தங்கச்சி அழையாத கும்பலோடு உட்கார்ந்திருக்கிறாள்' என்று யாரோ போய் ராத்மி காதில் போட்டார்கள். புகுந்த வீட்டார் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள் என்று அவளுக்குக் கோபம். தனக்கு ஒரு நாற்காலி எடுத்துவைக்கவில்லையே என்று இவளுக்கு.

இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. பதினாலு வயதுக் கோபம் இத்தனை வருடம் தாங்குமா? வாகினெமையே கேட்டேன்.

"முதல் வரிசையில மூணாவது நாற்காலி. நீலக் கலரு. அதுல ஆலைக்காரரோட பை உக்காந்திருந்துச்சு," என்றார். பிறகு என் சட்டைக் காலரை அவசியத்துக்கு மேலேயே அழுத்தித் தேய்த்தார்.

4

இந்த வருடம் அக்கா வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பெருநாள் கூட்டம் முதல்முறையாக வாகினெம் வீட்டுக்கு வருகிறது. மருமகன் டானாங்கிடம் பந்தாட்டம் பார்க்க வாங்கிய சின்னப் படக்கருவி இருந்தது. திரை மட்டும்தான் வேண்டும்.

முதலில் படுக்கைவிரிப்பைக் கட்டினாள். பின்னால் வைத்த கருவியின் விளக்கு நடிகையின் மூக்கில் மூக்குத்திபோலக் கண்ணைக் குத்தியது. படியெடுக்கிற மெல்லிய தாள்களை ஒட்டிப்பார்த்தாள்; ஒட்டெல்லாம் கோடுகோடாகத் தெரிந்தது. கடைசியில் இந்தக் குளியலறைச் சீலை. தண்ணீர்க்குழாயை அறுத்துச் சட்டம் செய்து, துணி காயப்போடும் கிளிப்புகளால் சீலையை இழுத்துக் கவ்வவைத்து, சந்தைப் பார்த்த சமையலறை வாசலில் நிறுத்தினாள். கருவி உள்ளே, குட்டை முக்காலியில், அண்ணாந்தபடி. இப்போது விளக்கு யார் கண்ணிலும் படவில்லை.

"பேசாம முன்னாலிருந்தே போட்டுடலாமே, இபு," என்றான் டானாங். (இபு என்றால் அம்மா.)

"முன்னாலிருந்து போட்டா திரைக்குப் பின்பக்கம்னு ஒண்ணு வந்துடும். இதுல மிஷின் மட்டும் பின்னாடி. மனுசங்க எல்லாரும் முன்னாடி."

"அப்போ படத்தைத் திருப்பிப் போடணுமே?"

"எழுத்து நேராத்தான் இருக்கு. நான் பாத்துட்டேன், போ."

பார்த்தாள்தான். கருவிக்குப் பக்கத்தில், சமையலறைக்குள் நின்று பார்த்தாள். வாழ்நாளில் முதல்முறையாகக் கருவிப் பக்கம் நிற்கிறாள். அந்தப் பூரிப்பில் சந்துப் பக்கம் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

5

சந்தில் முதல் வரிசை, மூன்றாவதாக ஒரு நீல நாற்காலி. அதற்காக இரண்டு தெரு அலைந்திருந்தாள். ராத்மி தங்கநிறப் பட்டை வைத்த செருப்போடு வந்தாள், வழக்கமான மன்னிப்பு முடிந்தது, உட்கார்ந்தாள். இருட்டியதும் படம் ஓடியது. பழைய இந்திப் படம்.

"அட, எழுத்து திரும்பிக்கிட்டு ஓடுதே!" கூட்டம் சிரித்தது.

வாகினெம் வெளியே ஓடிவந்து திரைக்கு முன்னால் நின்று பார்த்தாள். ஊரைக் கூட்டி அக்காவை மறுபடியும் பின்பக்கத்திலேயே உட்காரவைத்துவிட்டாள்.

டானாங் ரிமோட்டை எடுத்தான். "ஒரு பொத்தான்தான், இபு. நேராயிடும்."

அப்போது ஒரு குரல், தட்டுத்தடுமாறி:

"'போலீசு... வர்றதுக்குள்ள... நகையைக் கிணத்துல போடு...'"

சந்து அடங்கிவிட்டது. ராத்மி படித்துக்கொண்டிருந்தாள். நாலாவது வரியில் தடுமாற்றம் போய்விட்டது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"நெம், மறைக்காத. அன்னிக்கு ஏன்டி பின்னாடி போய் உக்காந்த?"

"நாற்காலியில பை இருந்துச்சு, ம்பாக்."

"பையா?"

"பைதான்."

"ஒரு பை..." என்ற ராத்மி படிப்பதை மறந்துவிட்டாள். இரண்டு வரி ஓடிப்போய்விட்டது. கூட்டம் கத்தியது: "படிங்க பெரியம்மா, கிணத்துல போட்டானா இல்லையா?"

6

முடிவு ஒன்று: டானாங் பொத்தானை அழுத்துகிறான். எழுத்து நேராகிறது. எல்லோரும் தாங்களே படித்துக்கொள்கிறார்கள். ராத்மி முதுகை நிமிர்த்தி, அழைக்கப்பட்டவளாகப் படம் பார்த்துவிட்டு, பிஸ்கட் சாப்பிட்டுப் போகிறாள்.

முடிவு இரண்டு: அழுத்தவில்லை. இருவரும் கட்டிக்கொண்டு... இல்லை. இவர்கள் அப்படிக் கட்டிக்கொள்கிறவர்கள் இல்லை.

திரும்பி வந்ததும் வாகினெமைக் கேட்டேன். "படத்தைத் திருப்பாம விட்டது மறதியா, வேணும்னேயா?"

"படம் நல்லா இருந்துச்சு. சட்டை ரெடி," என்றார்.

ஆகவே ரிமோட்டை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். அழுத்துவதும் அழுத்தாததும் உங்கள் இஷ்டம். அதற்குமுன் ஒருதடவை அந்தச் சந்தை எட்டிப் பாருங்கள். நீல நாற்காலி காலியாக இருக்கிறது. ராத்மி கீழே பாயில் உட்கார்ந்து உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பக்கத்து இடத்தில், தங்கநிறப் பட்டை வைத்த செருப்பு ஒன்று கழற்றி வைக்கப்பட்டிருக்கிறது.

அதை நான் வைக்கவில்லை.