சைரன் மெதுவாகப் பேசினாள்

எங்கள் எதிர்வீட்டுக்காரிக்கு அவள் வேலை பார்க்கும் பஸ் டிப்போவில் இரண்டு பெயர். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் சைரன். எந்த வண்டியை எந்த டிரைவர் எடுப்பது, எது எப்போது கிளம்புவது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அங்கே ஓர் ஒலிபெருக்கி இருந்தது. அது செத்து வருஷக்கணக்காகிறது. சரி பண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இவள் இருக்கும்போது அது எதற்கு? அலுவலக வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால், கடைசி வரிசை வண்டிக்குள் குட்டித் தூக்கம் போடுகிறவர்கூடக் கண்ணைத் திறக்காமலே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் வீட்டுக்காரரும் அதே டிப்போவில்தான் வண்டி ஓட்டுகிறார். அவர் தானாக வாயைத் திறக்கிற ரகம் இல்லை. அதைத் திறக்கும் வித்தை எனக்குத் தெரியும்.

அந்தச் சைரனுக்குத்தான் கர்ப்பப்பையை எடுத்தார்கள்.

எடுக்காமல் என்ன செய்வாள்? மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. கொடியில் காயும் துணியைப் பார்த்தே எனக்குத் தெரியும். கறுப்பைத் தவிர வேறு நிறம் உடுத்துவதையே விட்டிருந்தாள். டிப்போவில் பெண்களுக்கு இருப்பது ஒரே ஒரு கழிப்பறை, அதுவும் வண்டி கழுவும் இடத்துக்குப் பின்னால். போன் ஒரு பக்கம் அலற, இரண்டு டிரைவர்கள் ஒரே வண்டிக்கு மல்லுக்கட்ட, பயணி ஒருவர் மேஜையைத் தட்டிக்கொண்டு நிற்க, இவள் மனசெல்லாம் அந்தக் கழிப்பறைக்கு எப்போது ஓடலாம் என்பதிலேயே இருக்கும். முகம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துக் கிடந்தது.

கட்டி என்றார் டாக்டர். எலுமிச்சம்பழ அளவு என்றாராம். செய்தி முதல் மாடிக்கு ஏறியபோது அது ஆரஞ்சாகிவிட்டது. இரண்டாம் மாடியில் தேங்காய். மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர்கள் பூசணிக்காய் வரைக்கும் கொண்டுபோனார்கள். நான் சொன்னது தேங்காய்தான். பூசணிக்காய்க்கு நான் பொறுப்பில்லை. பெண்கள் சமாச்சாரம் என்பதால் ஆம்பிளைகள் காதுக்கு மட்டும் அது போகவில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவளைப் பார்க்க ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். உடம்பு ஊதும், எலும்பு உளுத்துப்போகும், மீசை முளைக்கும் என்று ஆளுக்கொன்றாக ஆறுதல் சொன்னார்கள். அவளுடைய நாத்தனார் ஒருபடி மேலே போனாள்.

"உள்ள காலியா கிடக்குமே அண்ணி, பயமா இல்லையா உங்களுக்கு?"

"எதுக்குப் பயம்? நாலு பேர்கிட்ட சொல்லி வை. நல்ல குடித்தனமா வந்தா வாடகைக்கு விட்டுடலாம்" என்றாள் சைரன். சொல்லிவிட்டுச் சிரிக்கப்போனவள், சிரிக்க முடியாமல் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு "ஐயோ, என்னைச் சிரிக்க வைக்காதீங்க" என்று கண்ணில் நீர் வர உட்கார்ந்திருந்தாள். இருமினால், தும்மினால், சிரித்தால் தையல் சுண்டி இழுக்குமாம். அப்படி வரும்போது ஒரு தலையணையை வயிற்றில் வைத்து அழுத்திக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர்.

அவள் கணவர் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர். சத்தம் போடும் பழக்கமே இல்லாதவர். வீட்டுக்கு ஒரு சைரன் போதாதா? அவர்கூட ஒருநாள் வாய்விட்டுச் சொன்னார், "அந்த வேலை வேணாம்மா, உடம்பு முக்கியம்" என்று. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விடுப்பு முடியும் நேரத்தில் டிப்போ மேனேஜரிடமிருந்து போன். குரலில் தேன் சொட்டியதாம். "உங்க உடம்புக்கு அந்தக் கூச்சல் எல்லாம் ஒத்துக்குமாம்மா? பஸ்ல தொலைஞ்ச சாமானெல்லாம் வைக்கிற ரூம் சும்மாதான் இருக்கு. நிம்மதியா உக்காரலாம். எதுக்கும் ஒரு வாரம் உங்க சீட்லயே பாருங்க. சமாளிக்க முடியலன்னா மாத்திடலாம்."

போனை வைத்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"பாத்தீங்களாக்கா? குடையோட குடையா என்னையும் அந்த ரூம்ல சாத்தி வைக்கப் பாக்குறாங்க. நான் சின்ன வயசுல கண்டக்டரா சேந்து, ஒவ்வொரு படியா ஏறி இந்த நாற்காலிக்கு வந்தவ. இத விட்டா அப்புறம் நான் யாருக்கா?"

"அப்போ போய் உன் சீட்ல உக்காரு. யாரு வேணாங்குறா?"

"சீட்ல உக்காந்தா போதுமா? கத்தணுமே. ஒரு தடவை இங்க கத்திப் பாத்துக்கட்டுமா?"

சமையலறை ஜன்னலைச் சாத்தினேன். அவள் என் சோபாவிலிருந்த சின்னத் திண்டை எடுத்து வயிற்றில் அழுத்திக்கொண்டாள், மூச்சை இழுத்தாள், வாயைத் திறந்தாள். வந்தது பூனைக்குட்டிச் சத்தம். அதற்கே முகம் கோணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. முக்கியமா உங்க வீட்டு அண்ணன்கிட்ட. ஆபீஸ்ல வயித்துல ஆபரேஷன்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன். எனக்குக் குரல் எழும்பலன்னு தெரிஞ்சா, பாவம்னு சொல்லியே அந்த ரூமுக்கு அனுப்பிடுவாங்க."

சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது என் திண்டையும் கொண்டுபோனாள். ஒரு ரகசியத்தை வெளியே விடாமல் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வாரம்தான் தெரிந்தது. எனக்குத்தான் தையல் போட்டாற்போல் இருந்தது.

அவள் வேலைக்குப் போன முதல் நாள் எங்கள் வீட்டுக்காரர் மதியச் சாப்பாட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். பையிலிருந்து டப்பாவை நான்தான் எடுத்து வெளியே வைத்தேன் என்பது வேறு விஷயம். டப்பாவோடு நான் டிப்போவுக்குள் நுழையும்போது வண்டிகளெல்லாம் உறுமிக்கொண்டு நின்றன. இவள் இல்லாத நாட்களில் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டவர் கழுத்தில் டை கட்டிய ஒரு நடுவயதுக்காரர். கையில் பிடிக்கும் மைக் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அதில் அவர் பேசினால் கொட்டகை முழுக்க எதிரொலித்து, யாரை எங்கே கூப்பிடுகிறார் என்று அவருக்கே புரியாதாம்.

டிரைவர்களில் மூத்தவருக்குத் தொப்பை என்று பட்டப்பெயர். தன் வண்டி கிளம்ப வேண்டிய நேரத்தில்தான் அவருக்கு டீத் தாகம் எடுக்கும். சைரன் அலுவலகத்தைவிட்டு வெளியே வந்ததும் அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக நின்றார்கள். அவளோ திண்டை மார்போடு அணைத்தபடி நடந்து வந்தாள். தொப்பைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். காதில் ஏதோ சொன்னாள். அவ்வளவுதான், அவர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டு வண்டியை நோக்கி ஓடினார்.

"என்னண்ணே சொன்னாங்க?" என்று பின்னாலேயே ஓடினான் ஒரு கண்டக்டர்.

"'அண்ணே, உங்க வண்டி இன்னும் இங்கயே நிக்குதே'ன்னாங்க."

"அவ்ளோதானா?"

"மெதுவா சொன்னாங்கடா!"

"மெதுவாவா?" அவன் முகத்திலும் ரத்தம் வற்றிவிட்டது.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் தானாகவே வாயைத் திறந்தார். எனக்கே பயமாகிவிட்டது. "உன் எதிர்வீட்டுக்காரி ஏன் கத்த மாட்டேங்குறாங்க? எல்லாரையும் 'வாங்க, போங்க'ன்னு காதோட காதா பேசுறாங்க. டிப்போவ மூடப்போறாங்களாம். யாரை எங்க தூக்கிப் போடப்போறாங்கன்னு அவங்களுக்குத் தெரியுமாம். அந்தப் பாவத்துக்குத்தான் இப்படி அன்பா பேசுறாங்கன்னு தொப்பை சொல்றாரு."

"அந்தத் திண்டு எதுக்காம்?"

"ஹெட் ஆபீஸ்ல பெரிய ஆளுங்க எல்லாம் அப்படித்தான் குஷன் வச்சிருப்பாங்களாம். அவங்களுக்கு அங்க சீட் ரெடியாம்."

அது என் சோபாத் திண்டு. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அந்த வாரம் வண்டிகள் ஒவ்வொன்றும் சொன்ன நேரத்துக்குக் கிளம்பின. வருஷம் முழுக்கத் திறந்தே கிடந்த சட்டைப் பொத்தான்கள் மூடிக்கொண்டன. தொப்பை டீயையே விட்டுவிட்டாராம். சைரனுக்கு ஒன்றும் புரியவில்லை. "எல்லாரும் என்னைப் பாத்தா பேயப் பாத்த மாதிரி ஓடுறாங்கக்கா. தெரிஞ்சுபோச்சோ? நான் இனிமே சரிப்பட மாட்டேன்னு ஒதுங்குறாங்களோ?" என்று என்னிடம் வந்து புலம்பினாள். சத்தியம் செய்தது அவளுக்கு. புருஷன் சொன்ன டிப்போ ரகசியமும் ரகசியம்தானே? இரண்டு பக்கமும் வாய் திறக்க முடியாமல் நான் பட்ட பாடு யாருக்குத் தெரியும்?

வாரக் கடைசி நாள். மேனேஜர் முடிவு சொல்லும் நாள். என் பஸ் பாஸைப் புதுப்பிக்க அன்றுதான் எனக்கு நேரம் கிடைத்தது. பாஸ் கொடுக்கும் ஜன்னலிலிருந்து பார்த்தால் சைரனின் அறை முழுசாகத் தெரியும், பேச்சும் கேட்கும். அவள் மேஜையில் இருக்கிறாள். மேனேஜர் எதிரே உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறார். டைக்காரர் மூலையில் மைக்கோடு நிற்கிறார். அதற்குள் தொப்பை முன்னால் வர, டிரைவர்களும் கண்டக்டர்களும் வாசலில் திரண்டுவிட்டார்கள். கூட்டத்தில் எங்கள் வீட்டுக்காரரும் இருந்தார். என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவர்போல் திரும்பிக்கொண்டார்.

தொப்பை கும்பிட்டார். "மேடம், தாங்க முடியல. என்ன தப்பு பண்ணோம்னு சொல்லி நல்லா திட்டிடுங்க. நாலு வார்த்தை கத்துங்க. வாங்கிக்கிறோம். இந்த மாதிரி பேசாதீங்க மேடம், ராத்திரி தூக்கமே வரல."

சைரன் மேனேஜரைப் பார்த்தாள். திண்டைப் பார்த்தாள். கத்தினால் பூனைக்குட்டி; கத்தாவிட்டால் குடை அறை.

"என்னால கத்த முடியாதுண்ணே" என்றாள். "எனக்குக் கர்ப்பப்பைய எடுத்திருக்காங்க. கத்துனா தையல் இழுக்குது. இன்னும் கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் பேசுவேன். முடியாதவள உக்கார வைக்கக்கூடாதுன்னா, சார் இப்பவே சொல்லிடட்டும்."

அத்தனை ஆம்பிளைகளும் தரையைப் பார்த்தார்கள். தொப்பைதான் மெல்ல நிமிர்ந்தார்.

"அப்போ... டிப்போவ மூடலையா?"

"டிப்போவயா? எதுக்கு மூடணும்?"

"எங்கள யாரையும் மாத்தலையா?"

"ஏன்ணே மாத்தணும்? இந்த வாரம்தான் ஒழுங்கா வண்டி எடுக்குறீங்க."

கொட்டகையின் தகரம் அதிர ஒரு கூச்சல் கிளம்பியது. ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். "கர்ப்பப்பைதானாம்டா!" என்று பின்னால் இருந்தவர்களுக்கு ஒருவன் நல்ல செய்தியாகச் சொன்னான். "எங்க வீட்லயும் எடுத்தாங்க மேடம், இப்போ என்னை அடிக்கிற அளவுக்குத் தெம்பா இருக்காங்க" என்றார் தொப்பை. சைரனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. திண்டை அழுத்திக்கொண்டு, "ஐயோ அண்ணே, வேணாம், வேணாம்" என்று மேஜையில் கவிழ்ந்தாள்.

மேனேஜர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாவம், மூடப்போகிறார்கள் என்ற வதந்தி அவரையும் விடவில்லை. மூன்று நாளாக ஹெட் ஆபீஸில் தெரிந்தவருக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "அப்போ மேலேர்ந்து ஒண்ணும் வரலையா? நல்லதா போச்சு. நீங்க இங்கயே இருங்கம்மா. கத்தணும்னு யாரு சொன்னா?" என்றார், கத்துவதைப் பற்றித் தான் பேசியதே இல்லை என்பதுபோல். டைக்காரர் மைக்கை மேஜையில் வைத்த வேகத்தைப் பார்க்க வேண்டும். சிறையிலிருந்து விடுதலையானவர்கூட அவ்வளவு வேகமாகக் கிளம்ப மாட்டார்.

அன்று மாலை எங்கள் வீட்டுக்காரர் ஓட்டிய வண்டியில்தான் நானும் அவளும் திரும்பினோம். ஜன்னலோரம் காலியாக இருந்தது. "உக்காரு" என்றேன். கொஞ்சம் தயங்கினாள். பழைய பழக்கம். சீட்டில் கறை பட்டுவிடுமோ என்ற பயத்தில் அவள் பஸ்ஸில் உட்கார்ந்து மூன்று வருஷமாகிறது. எவ்வளவு இடம் இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் வருவாள். பிறகு உட்கார்ந்தாள். முதுகைச் சாய்த்தாள். காலை நீட்டினாள். மேனேஜர் முகம் எப்படி வியர்த்தது என்று அவளிடம் பாதி சொல்லியிருப்பேன், திரும்பிப் பார்த்தால் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள்.

எங்கள் நிறுத்தம் வந்தது. எழுப்பப் போனேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வண்டி நின்றது, நின்றுகொண்டே இருந்தது.

"டிரைவர், நேரமாகுது! எடுங்கய்யா! கம்ப்ளெயின்ட் பண்ணுவோம்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"பண்ணுங்க சார். யார்கிட்ட பண்ணணுமோ அவங்க இங்கதான் தூங்குறாங்க" என்றார் எங்கள் வீட்டுக்காரர், மெதுவாக.