எஞ்சினுக்குக் கட்டிய திரை

கொம்பியூட்டருக்குள் ஓடுகிற எஞ்சினும் நெய்னாரின் இறால் பண்ணையில் ஓடுகிற எஞ்சினும் ஒரே எஞ்சின்தான் என்று ஹாஜரா எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் அவை இரண்டும் ஒன்றையொன்று கண்டதே இல்லை என்பது போல நடந்துகொண்டன.

முந்தலில், புத்தளம் வீதியோரத்துத் தொழிற்பயிற்சி நிலையத்தில் அவள் எஞ்சின் பாடம் எடுக்கிறாள். உள்நாட்டுச் சண்டை முடிந்த பிறகு திறந்த நிலையம் அது. அவளுடைய வகுப்பில் எல்லாரும் பெண் பிள்ளைகள். கதவில் 'கொம்பியூட்டர் பிரிவு' என்று எழுதியிருந்ததால்தான் கரைத்தீவு வாப்பாமார் பிள்ளைகளை அனுப்பினார்கள். ஹாஜராவின் வாப்பாவும் ஒரு காலத்தில் அப்படி ஏமாந்தவர்தான். இப்போது கிணற்று மோட்டர் நின்றால் மகளைத்தான் கூப்பிடுகிறார்.

பாடம் உண்மையிலேயே கொம்பியூட்டரில்தான் நடந்தது. சிலிண்டர் எவ்வளவு பெரிது, எவ்வளவு டீசல் போகிறது, உள்ளே இழுக்கிற காற்று எவ்வளவு சூடு என்று சொல்லிவிட்டால், அது எஞ்சினை ஓட்டி, எங்கே எவ்வளவு சூடேறும், எவ்வளவு பலம் வரும் என்று கோடு போட்டுக் காட்டும். கார் கொம்பனிகள் இரும்பை உருக்கும் முன்பே எஞ்சினை இப்படி ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்துவிடுவார்கள். பிள்ளைகளும் அப்படி ஓட்டினார்கள், உடைத்தார்கள், திரும்ப ஓட்டினார்கள். ஒரு துளி ஒயில் சிந்தவில்லை.

நிலையத்தின் பொறுப்பாளர் ஸலாஹுதீனுக்கு அந்த ஒயில் சிந்தாததுதான் பிடிக்கவில்லை.

"ஹாஜரா மிஸ், இது டீவியில கார் ரேஸ் பாக்கிற மாதிரி இரிக்கு. பாக்கிறவன் ட்ரைவரா?"

"இல்ல சேர், இது மெய்யான கணக்கு."

"அப்ப மெய்யான எஞ்சினோட ஒத்துக் காட்டுங்க. நெய்னார்ட எஞ்சினும் உங்கட எஞ்சினும் ஒரே கதை கதைச்சா கிளாஸ் இரிக்கும். இல்லாட்டி அந்த ரூமுக்கு வெல்டிங் வரும். ஆம்பிளப் புள்ளைகள் வெயிலுக்குள்ள நிண்டு வெல்ட் பண்றானுகள்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. சொன்னால் செய்கிறவர், அதுதான் பயம். வகுப்பு நின்றால் பிள்ளைகளை வேறு எந்த எஞ்சின் வகுப்புக்கும் வீட்டார் அனுப்பமாட்டார்கள் என்பது ஹாஜராவுக்குத் தெரியும்.

அதனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பண்ணைக்குப் போய் அளந்து வந்தாள். இறால் குளத்துத் தண்ணீரை அடித்துக் காற்றேற்றுகிற சக்கரங்களை இழுக்கிற ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் அது, ஒரு சின்னத் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலுக்குள் இருந்தது. சுற்று வேகம், டீசல் செலவு, புகைக் குழாயின் சூடு எல்லாம் எடுத்தார்கள். காற்றின் சூட்டை மட்டும் போனில் பார்த்துப் போட்டாள். முந்தலில் வெயில் எவ்வளவு என்று போன் சொன்னால் போதும்தானே என்று நினைத்தாள்.

வகுப்புக்கு வந்து ஓட்டினால், கொம்பியூட்டரின் புகைக் குழாய் குளிர்ந்துபோய்க் கிடந்தது. நெய்னாருடையது கொதித்தது.

"மிஸ், காத்தைச் சூடாக்கிப் பாப்பமா?" என்றாள் சிலாபத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பவுலினா.

ஹாஜரா சூட்டைக் கூட்டிக்கொண்டே போனாள். ஐம்பதைத் தாண்டியதும் கோடும் அளவும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்தன. பவுலினா கை தட்டினாள்.

மர்ஷூதா தட்டவில்லை. அவள் எதையும் சும்மா விடுகிற பிள்ளை இல்லை. "விடைக்குத் தக்கமாதிரி கேள்விய மாத்துறது கள்ளந்தானே மிஸ். அம்பது சூட்டுல காத்து அடிச்சா நாங்க கருவாடு."

"ஓம், கள்ளந்தான்" என்றாள் ஹாஜரா. ஸலாஹுதீனிடமும் அப்படியே சொன்னாள்: கணக்கு ஒத்துவரவில்லை, ஏன் என்று தெரியவில்லை, இன்னொரு தடவை போய் அளக்க வேண்டும்.

"நானும் வாறன்" என்றார் அவர். "ஒத்துவராட்டி வாற வழியில வெல்டிங் மாஸ்டரைக் கண்டுட்டு வருவம்."

சோளகக் காற்று தென்னோலைகளைப் பிய்த்துக்கொண்டு அடிக்கிற காலை அது. பண்ணை வாசலில் நெய்னாரின் மனைவி ஹவ்வா மாமி சிரித்த முகத்தோடு நின்றாள். ஐந்தும் ஆணாகப் பெற்றவள். பெண் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வீட்டுக்கு வருவது அவளுக்குப் பெருநாள் மாதிரி.

"வாங்க மகள்மாரே. போன முறை அவசரத்துல கொட்டிலச் சுத்திப் பழைய தரப்பாளைத்தான் கட்டினன். இந்த முறை நல்லாச் செஞ்சிரிக்கிறன்."

கொட்டிலைச் சுற்றி நாலு பக்கமும் திரை. பச்சையும் தங்கக் கரையும் போட்ட கலியாண வீட்டுத் திரைகள், கூரையோரத்திலிருந்து நிலம் வரை, ஒரு விரல் நுழைய இடம் விடாமல். அங்கால் குளக்கரையில் வலை பின்னுகிற ஆட்கள் பிள்ளைகள் வேலை செய்வதைப் பார்த்துவிடக் கூடாது என்று ஹவ்வா மாமி ஒவ்வொரு முடிச்சையும் தன் கையாலேயே போட்டிருந்தாள். நெய்னார் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தார். "ஏணியப் புடிச்சது நான்" என்றார்.

ஹாஜரா திரையை விலக்கி உள்ளே போனாள். எஞ்சின் விடியற்காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடி நொடியில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. போன தடவையும் இப்படித்தான் வியர்த்தது, ஆனால் எஞ்சின் கொட்டில் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள். முந்தலில் எங்கே நின்றாலும் வியர்க்கும். சூடு பார்க்கிற கம்பியை எஞ்சின் காற்றிழுக்கிற வாயருகே பிடித்தாள்.

ஐம்பத்திரண்டு.

அவள் சிரித்துவிட்டாள். கொம்பியூட்டர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. கள்ளம் என்று தள்ளிவைத்தது தாங்கள்தான்.

ஆனால் இதை வெளியே நிற்கிறவளிடம் எப்படிச் சொல்வது? இரண்டு நாளாக முடிச்சுப் போட்டவளிடம், உங்கள் அன்புதான் எங்கள் கணக்கைக் கெடுத்தது என்றா? யோசித்துவிட்டுத் தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"மாமி, ஒருக்கா உள்ளுக்கு வாங்களேன்."

ஹவ்வா மாமி எஞ்சின் ஓடும்போது கொட்டிலுக்குள் போனதே இல்லை. போனவள் உடனே வெளியே வந்தாள். முக்காடு நெற்றியில் ஒட்டியிருந்தது.

"அல்லாவே, இதுக்குள்ளயா நீங்க போன முறை நிண்டீங்க? வாய் திறந்து ஒரு சொல்லு சொல்லக் கூடாதா?"

"நாங்க நிண்டது பரவாயில்ல மாமி. எஞ்சினுக்குத்தான் மூச்சு முட்டுது. வெளிக்காத்து கிடைக்காம அது தன்ட சூட்டையே திரும்பக் குடிக்குது."

"அதுக்கும் பர்தா போட்டுட்டீங்க மாமி" என்றாள் மர்ஷூதா.

ஹவ்வா மாமி அவளை முறைத்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். "அவிழ்த்தா நீங்க எல்லாரும் வெளியில தெரிவீங்களே மகள்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பவுலினாதான் முதலில் சொன்னாள். "தெரியட்டும் மாமி. எஞ்சின் திருத்துறதைத்தானே பாப்பாங்க."

"ஓம், பாக்கட்டும்" என்றாள் மர்ஷூதா. "பாத்துப் பழகட்டும்."

ஹவ்வா மாமி தானே முதல் முடிச்சை அவிழ்த்தாள். நெய்னார் ஏணியைப் பிடித்தார். கடைசித் திரை விழுந்ததும் சோளகம் கொட்டிலுக்குள் பாய்ந்தது. எஞ்சினின் சத்தமே மாறியது. தொண்டை கட்டியவன் இருமித் துப்பியதுபோல ஒரு தடவை விக்கி, தெளிந்து ஓடியது. கரும்புகை வெளுத்தது. வலை பின்னுகிற ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நெய்னார், சக்கரம் பறக்குது, இறால் எல்லாம் கரைக்கு வந்துரும்" என்று கத்தினார். பிள்ளைகளை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

காற்று நன்றாக ஓடிச் சூடு இறங்கி நிலைக்கும் வரை காத்திருந்தார்கள். ஸலாஹுதீன் மடியில் லெப்டொப்பை வைத்துப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். வெளிக்காற்றின் சூட்டை ஹாஜரா அவர் கையாலேயே போடச் சொன்னாள். கோடு வந்தது.

"உங்கட புகைக் குழாய் என்ன சொல்லுது சேர்?"

அவர் வாசித்தார். கொட்டிலுக்குள்ளிருந்து பவுலினா தன் அளவைச் சொன்னாள்.

"மறுக்காச் சொல்லு புள்ள."

மறுபடியும் சொன்னாள். ஸலாஹுதீன் லெப்டொப்பையும் கொட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து போய் அளவைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒரே கதைதான் கதைக்குது" என்றார்.

"அப்ப வெல்டிங், சேர்?" என்றாள் ஹாஜரா.

"அவனுகள் வெளியிலயே நிக்கட்டும். காத்து எவ்வளவு நல்லம் எண்டு இப்பதானே கண்டம். மேல ஒரு தகரம் போட்டுக் குடுப்பம்."

பிள்ளைகள் போட்ட கூச்சல் எஞ்சினுக்கு மேலாகக் கேட்டது. நெய்னார் தம்பிலி இளநீர் வெட்டப் போனார். ஹவ்வா மாமி கதிரையை இழுத்துப்போட்டு லெப்டொப் முன்னால் உட்கார்ந்தாள். "நான் செஞ்சதை எனக்கு இதுல காட்டுங்க."

ஹாஜரா அவள் விரலைப் பிடித்துச் சூட்டைக் கூட்டக் காட்டிக் கொடுத்தாள். மாமி கூட்டினாள். சிவப்புக் கோடு மேலே மேலே ஏறியது.

"பாவம், தாங்காது" என்று அவளே அவசரமாகக் குறைத்தாள். கோடு இறங்கி அமைதியானதும், பிள்ளையைத் தூங்க வைத்தவள் போல ஒரு மூச்சு விட்டாள். பிறகு நிலத்தில் கிடந்த பச்சைத் திரைகளைப் பார்த்தாள்.

"இதை நாங்க தேத்தண்ணி குடிக்கிற மேசைக்கு மேல நிழலுக்குக் கட்டுவம். மேசைக்கு வேர்க்காதுதானே?"