தாம்பாளத்தில் பெய்த பனி

கோம்பையில் வந்து இறங்கிய அன்றே சூரியபிரகாஷுக்குத் தெரிந்துவிட்டது, சொந்த வீட்டுக்கே தான் விருந்தாளியாகிவிட்டோம் என்று. மகள் கயல் வாசல் வரை வந்து பையை வாங்கிக்கொண்டாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். "பஸ்ல உக்கார எடம் கெடச்சுச்சாங்கப்பா?" என்று விசாரித்தாள். பத்து வயதுப் பிள்ளை அப்பாவிடம் கேட்கிற கேள்வியா இது? அம்மா விஜியிடம் மட்டும் சீப்புக்கும் ரிப்பனுக்கும் மல்லுக்கு நின்றாள். அவனிடம் ஒரு சண்டை கிடையாது, ஒரு அடம் கிடையாது.

குற்றம் அவனுடையதுதான். கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட்டுக் கம்பெனியில் சர்வீஸ் வேலை. ஆந்திரா, ஒரிசா என்று அலைந்து ஊரான் மோட்டாரையெல்லாம் ஓடவைத்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போவான். இந்த மார்கழியில், பள்ளிக்கூடத்து அரையாண்டு லீவைக் கணக்குப் பார்த்து, எட்டு நாள் விடுப்பு வாங்கி வந்திருந்தான். எட்டு நாளில் மகளோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்குத் திட்டமும் கைவசம் இருந்தது. குளிர்காலத்தில் குடும்பத்தோடு செய்யும் அறிவியல் விளையாட்டுகள் என்று, பனிக்கட்டி கொட்டுகிற ஊர்க்காரன் எவனோ போனில் ஒரு பட்டியல் போட்டிருந்தான். சூரியபிரகாஷ் பி.எஸ்சி. இயற்பியல். மூன்றாம் வகுப்பில் தேறினான் என்பதை அவன் யாரிடமும் சொல்வதில்லை.

பட்டியலில் முதல் விளையாட்டு, பனியில் விலங்குகளின் காலடித் தடம் தேடுவது. கோம்பையில் பனிக்கட்டிக்கு எங்கே போவது? திராட்சைத் தோட்டத்துச் சேற்றில் தேடினார்கள். ஒரு தடத்தைப் பார்த்ததுமே செந்நாய் என்றான். மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறது என்றான். நகத்தை வைத்து வயதுகூடச் சொன்னான். அந்த நேரம் பார்த்து, தடத்தின் சொந்தக்காரர் பந்தலுக்கு அடியிலிருந்து வாலை ஆட்டிக்கொண்டு வந்தார். பக்கத்துத் தோட்டத்து வேல்பாண்டியின் நாய். கயல் சிரிக்கவில்லை. "செந்நாயும் இப்பிடித்தான் இருக்குமாங்கப்பா?" என்று மரியாதையாகக் கேட்டாள். சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அடுத்த விளையாட்டு, ராத்திரி எவ்வளவு பனி பெய்தது என்று அளப்பது. கொல்லையில் தென்னை மறைக்கும், வீட்டுக்கு மேலே ஓடு. ஆகவே அகலமான எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை வாசலில் ஒரு செங்கல் மேல் வைத்தான். பனி எப்படி உண்டாகிறது என்று மகளுக்கு அரை மணி நேரம் விளக்கினான். காலை ஏழு மணிக்கு எழுந்து வந்து இருமல் மருந்துப் பாட்டில் மூடியால் அளந்தான். முப்பத்தெட்டு மில்லி. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கயலைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான். அப்போதுதான் அந்தப் பிள்ளை முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தது.

மறுநாள் ஆறு மில்லிதான் இருந்தது. சூரியபிரகாஷ் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். விஜி வைத்த காப்பி ஆறிப்போனது. அந்த நேரத்தில் மேனேஜர் போன் செய்தார். "இங்கன ஒண்ணும் பெருசா இல்ல சார், வேணும்னா முன்னாடியே கெளம்பி வந்துர்றேன்" என்று சொல்லிவைத்தான். ரோஷத்தில் வந்த பேச்சு. அதைச் சொன்னபோது கயல் பக்கத்தில்தான் புளி உருண்டையை வைத்துத் தாம்பாளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் நாற்பத்தொன்று. அவ்வளவுதான், ஆளைப் பிடிக்க முடியவில்லை. கேரளத்து ஈரக்காற்று மலை இடுக்கு வழியாக இறங்குகிறது, நடுவில் ஒரு நாள் மட்டும் திசை மாறிவிட்டது என்று கொள்கை வகுத்தான். முதல் நாள் போலவே தண்ணீர் லேசாக மஞ்சள் பாரித்திருந்தது. அது காற்றிலுள்ள தூசி என்றான். உலகத்திலேயே சுத்தமான தண்ணீர் பனித்தண்ணீர்தான் என்று சொல்லி, விரலால் தொட்டு நாக்கில் வைத்தும் பார்த்தான். கயலுக்கு முகம் வெளிறிவிட்டது. "வேண்டாங்கப்பா, சளி புடிக்கும்" என்றாள். நாலாம் நாள் நாற்பத்தொன்பது மில்லி, கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. 'காற்று சுத்தமாகிவிட்டது' என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டான். ஐந்தாம் நாள் ஐம்பத்தைந்து.

இந்த அளவுகளைக் கோடு போட்டு வரைந்து, கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். உத்தமபாளையத்தில் இயற்பியல் வாத்தியாராக இருக்கிற நசீம் மட்டும், "மாப்ள, இது பனியா தூறலா? ஒரு தாம்பாளத்துல இம்புட்டு விழுகாது" என்று எழுதினான். புத்தகத்துக்குள் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு வாசல் தெரியாது என்று சூரியபிரகாஷ் பதில் போட்டான். போட்டது போதாதென்று, தாம்பாளத்தில் பனி இறங்குவதை வீடியோ எடுத்துக் காட்டிவிடுவது என்று ஐந்து மணிக்கு அலாரமும் வைத்தான். அதற்கு முன்னால் அவன் ஐந்து மணியைப் பார்த்தது ரயில்வே ஸ்டேஷன்களில்தான்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனவன் பேச்சுக் குரல் கேட்டு நின்றான்.

"போதும்டி, அளவா ஊத்து. ஒங்கப்பா சயின்ஸ் படிச்சவக, கண்டுபுடிச்சிருவாக." விஜியின் குரல்.

"நேத்து அம்பத்தஞ்சும்மா. இன்னைக்கு அறுவது வச்சாத்தான் கோடு மேல ஏறும்."

கதவிடுக்கு வழியே எட்டிப் பார்த்தான். வாசல் தெளித்து ஈரமாகக் கிடந்தது. சாணி வாளி ஓரமாக இருந்தது. கயல் குடத்துத் தண்ணீரை இருமல் மருந்து மூடியால் அளந்து அளந்து தாம்பாளத்தில் விட்டுக்கொண்டிருந்தாள். அவன் கதவைத் திறந்ததும் மூடி நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த வீட்டுச் சாமானை உடைத்துவிட்டவள்போல எழுந்து நின்றாள்.

"மொத நாளு வாச தெளிக்கையில தெறிச்சு விழுந்துருச்சுங்கப்பா. தெரியாமத்தான். மறுநா தாம்பாளத்தை உள்ள எடுத்து வச்சிட்டுத் தெளிச்சேன். அன்னைக்கு ஆறுதான் இருந்துச்சு. நீங்க போன்ல, முன்னாடியே கெளம்பி வர்றேன்னு சொன்னீக."

"அதுக்கா ஊத்துன?"

"நெறையா இருந்தா இருப்பீகன்னு."

மூன்றாம் நாள் நாக்கில் வைத்தது என்ன என்று சூரியபிரகாஷுக்கு அப்போது விளங்கியது. அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. அப்பன் மகளுக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தான் என்று நினைத்தால், மகள்தான் அப்பனுக்கு விளையாட்டுக் காட்டியிருக்கிறாள், அழாமல் இருக்கட்டும், ஓடிப்போகாமல் இருக்கட்டும் என்று. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் மீறிச் சந்தோஷமாக இருந்தது. கட்டியிருந்த கைலியோடு அப்படியே ஈர வாசலில் உட்கார்ந்துவிட்டான்.

"தாம்பாளத்துல ஒண்ணுமே இல்லாட்டியும் இருப்பேன்த்தா. எட்டு நாளும் இருப்பேன்."

"அதுக்கப்புறம்?"

"மாசம் ஒருக்கா வந்துர்றேன்" என்றான்.

"போன தடவையும் இதத்தான சொன்ன." கயலின் குரல் உயர்ந்தது. "தீவாளிக்கு வர்றேன்னு சொன்ன, வரல. ஆண்டு விழாவுக்கு வர்றேன்னு சொன்ன, நான் டான்ஸ் ஆடும்போது கேட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன், ஸ்டெப்பெல்லாம் தப்பாப் போச்சு. டான்ஸ் சொல்லிக்குடுத்த ஜாய்ஸ் டீச்சர் வைஞ்சாக. எல்லாம் ஒன்னாலதான்."

"ஏய், அப்பாவ அப்பிடிப் பேசாத" என்று விஜி அதட்டினாள். சூரியபிரகாஷ் வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

"எந்திரி மொதல்ல. நீ உக்காந்திருக்கிற எடத்துலதான் நான் கோலம் போடணும்."

அவன் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். அவள் இன்னும் திட்டி முடித்திருக்கவில்லை.