லேசான நோயை அளந்தவர்

மூன்றாவது முறையாக அந்த நோய் ஊருக்குள் வந்த அன்று காலை ஒன்பதேகால் மணிக்கு, பஸ் ஓட்டுநர் ஒருவர் பொது மருத்துவமனையின் எடை மெஷின் மேல் ஏறி நின்றார், முள் அசையவில்லை. எடை பார்க்கும் அம்மா குனிந்து பார்த்தார். ஓட்டுநரின் பாதங்களுக்கும் மெஷின் தட்டுக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி இருந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னார். கழற்றிய பிறகும் இடைவெளி அப்படியேதான் இருந்தது. எடை என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதி, காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா என்று கேட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே டாக்டர் அறைக்குப் போகும்படி சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மதியத்துக்குள் அப்படிப் பதினேழு பேர் வந்துவிட்டார்கள்.

அதற்கு முந்தைய இரண்டு முறையும் நோய் வேறு மாதிரி இருந்தது. அப்போது நோயாளிகள் கனத்தார்கள். முதல் அலையில் கணக்கு வாத்தியார் ஒருவரைப் படுக்கவைத்தபோது கட்டிலின் நாலு கால்களும் சிமென்ட் தரைக்குள் ஒரு சாண் இறங்கின. இரண்டாவது அலையில் இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. லிஃப்ட் அறுந்து, மேல்மாடி வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஊர் இழந்தது மூவாயிரத்து நூற்றுப் பதினோரு பேரை. அதனால் புதிய வகைக் கிருமி ஆட்களை மிதக்கத்தான் வைக்கிறது என்று தெரிந்ததும் ஊரே பெருமூச்சு விட்டது. இந்தத் தடவை லேசாகத்தான் வந்திருக்கிறது என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டார்கள். மூன்றாம் நாளே சுகாதார அலுவலகமும் அதையே அறிக்கையாக வெளியிட்டது: புதிய வகை லேசானது, மிதப்பவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம், தனி வார்டைப் பூட்டலாம், ஆக்சிஜன் சிலிண்டர்களைத் திருப்பி அனுப்பலாம். வார்டு பூட்டப்பட்டது. மிதந்தவர்கள் தோள்பையில் இரண்டு செங்கல்லைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

எடைக்காரம்மா இருபத்துமூன்று வருஷமாக அந்த வாசலில் உட்கார்ந்திருப்பவர். அறுபத்தொன்று கிலோ முந்நூறு கிராம் என்றால் அப்படியேதான் எழுதுவார், அறுபத்தொன்று என்று எழுதமாட்டார். நகராட்சித் தலைவர் ஒருமுறை சிரித்துக்கொண்டே, ரெண்டு கிலோவைக் குறைத்துப் போடக் கூடாதா என்று கேட்டபோது, முதலில் நீங்கள் குறைத்துவிட்டு வாருங்கள், அப்புறம் நான் குறைக்கிறேன் என்று சொல்லி அனுப்பியவர். அவரிடம் கால் கிலோகூட கடன் கேட்க முடியாது என்று நர்சுகள் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவருக்கு அடுத்தடுத்து பூஜ்யமாகவே எழுதிக்கொண்டிருப்பது பொறுக்கவில்லை. எல்லோருக்கும் பூஜ்யம் என்றால் மெஷின் எதற்கு, தான் எதற்கு என்று நினைத்தார். தையல்கடை வைத்திருக்கும் அண்ணனிடம் பழைய இன்ச் டேப் ஒன்றை வாங்கிவந்து, ஒவ்வொருவரும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் மிதக்கிறார்கள் என்று அளந்து ஒரு நீளநோட்டில் எழுத ஆரம்பித்தார். கூடவே வயதையும் கேட்டார். தடுப்பூசி போட்டாயிற்றா, எத்தனை ஊசி, முன்னால் இந்த நோய் வந்திருக்கிறதா என்பதையும் கேட்டார். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பத்து நாளில் நானூற்றுப் பன்னிரண்டு பேரை அளந்தார். முதல் நாள் வந்த ஓட்டுநர் நாலாவது நாள் காலையில் தரையில் நின்று, மெஷினில் ஏறி எழுபத்திரண்டு கிலோ நூறு கிராம் காட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினார். அவர் மூன்று ஊசி போட்டவர். மீன்கடைக்காரர் மேஜை உயரத்தில் ஒரு வாரம் கிடந்தார்; அவருக்கு ஒரே ஊசி. பூட்டுச் சாவி ரிப்பேர் செய்பவரை நாலு பேர் குடைக்கம்பியால் கொக்கி போட்டு இழுத்துவந்தார்கள்; வாசலுக்குள் நுழைந்ததும் கைநழுவி நேராகக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டார், உதடு நீலமாக இருந்தது. ஊசியா, அதெல்லாம் எதற்கு என்று இருந்துவிட்டதாக மேலேயிருந்து சொன்னார். அறிக்கைப்படி அவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக் கூரையிலிருந்து விழுந்தார். மிதப்பவர்கள் இறந்தால் அப்படித்தான், முழு எடையும் ஒரே நொடியில் திரும்பி வந்துவிடும். அந்தச் சத்தத்தைத் தெருக்கோடி வரைக்கும் கேட்டார்கள். பாவம், உயரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். எடைக்காரம்மா அந்தப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு வெகுநேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பதினோராம் நாள் காலை அண்ணியிடமிருந்து போன் வந்தது.

"உங்க அண்ணன் மேல போயிட்டாரு."

"எப்போ அண்ணி?" என்றார் எடைக்காரம்மா.

"ஐயோ, அப்படி இல்லம்மா," என்று அண்ணி அலறினாள். "சீலிங்குக்குப் போயிட்டாரு. ஃபேன நிறுத்திட்டேன். சீக்கிரம் வா."

அண்ணன் ஊசி போடாதவர். தங்கை சொல்லியும், அண்ணி அழுதும் கேட்கவில்லை. "முப்பது வருஷமா ஊசியோடயே குடும்பம் நடத்துறேன். எனக்கு ஊசி குத்த இன்னொருத்தன் வரணுமா?" என்பார். கடைக்கு வருகிற எல்லோரும் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பிலேயே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. தலைக்கனம் பிடித்த மனுஷன் என்று அண்ணி சொல்வதுண்டு. இப்போது அது கண்ணெதிரே தெரிந்தது: மற்றவர்கள் நிமிர்ந்து மிதந்தபோது, அண்ணன் மட்டும் முதுகு கூரையில் ஒட்ட, முகம் தரையைப் பார்க்கத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடந்தார். தங்கை வந்து நின்றதும் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தார். மூச்சு எட்டவில்லை. பேச்சு நின்றுபோன அண்ணனை அவர் அன்றுதான் பார்த்தார்.

லைனிங் துணியைக் கிழித்து முறுக்கி அண்ணன் இடுப்பில் கட்டி, ஒரு முனையை எடைக்காரம்மாவும் ஒரு முனையை அண்ணியும் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். காற்று அடித்தபோதெல்லாம் இரண்டு பேரின் குதிகாலும் தரையை விட்டு எழும்பிற்று. சந்திப்பில் மின்கம்பிகள் குறுக்கே வந்தன. அந்த நேரத்துக்கு வந்த பஸ்ஸை அதன் ஓட்டுநர் நடுரோட்டில் நிறுத்தினார். நாலு விரற்கடை மிதந்து எழுந்த அதே ஆள்தான். அண்ணனை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துப் பஸ்ஸின் கூரைக்கு அடியில் விட்டு, பயணிகள் ஆளுக்கொரு கையாகத் தாங்கிக்கொள்ள, எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் மருத்துவமனைக்கு ஓட்டிவந்தார். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டதாக ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை.

தனி வார்டின் கதவில் பூட்டுத் தொங்கியது. அதன் முன்னால் பெரிய டாக்டர் நின்றார். நல்ல மனிதர், இரண்டு அலையிலும் வீட்டுக்குப் போகாமல் வேலை பார்த்தவர். ஆனால் கையில் அறிக்கை இருந்தது.

"எனக்கும் கஷ்டமாத்தான்மா இருக்கு. ஆனா இது லேசான வகைன்னு மேலேயிருந்து சொல்லிட்டாங்க. நூத்துக்கு ஒம்பது பேர்தான் சீலிங்குக்குப் போறாங்க. அதுக்கு வார்டைத் திறக்கச் சொன்னா யார் கேப்பாங்க?"

எடைக்காரம்மா துணி முனையை அண்ணியிடம் கொடுத்துவிட்டு நோட்டைப் பிரித்தார்.

"நூத்துக்கு ஒம்பதுன்னா மொத்தத்தையும் ஒண்ணாக் கலந்துட்டீங்க சார். நான் அளந்ததுல ஒரு ஊசியும் போடாதவங்க, முன்னாடி நோய் வராதவங்க நாப்பத்தோரு பேர். அதுல முப்பத்தஞ்சு பேர் சீலிங்குக்குப் போனாங்க. மிச்சம் சீலிங்குக்குப் போனது மூணே பேர்தான். ஒருத்தருக்குத் தொண்ணூறு வயசு, ரெண்டு பேருக்குக் கிட்னி சரியில்ல. ஊசி போட்டவங்க, படுத்து எழுந்தவங்க மத்த எல்லாரும் முட்டி, இடுப்பு, மிஞ்சினா மேஜை."

டாக்டர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அண்ணி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நோய்..." என்று ஆரம்பித்தார் டாக்டர்.

"நோய் லேசு இல்ல சார்," என்றார் எடைக்காரம்மா. "நம்ம ஜனங்க கெட்டி."

டாக்டர் நோட்டை மூடி அவரிடம் கொடுத்தார். பிறகு சாவி கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். சாவி வர நேரமாகவே, அவரே தீயணைக்கும் சிலிண்டரை எடுத்துப் பூட்டை அடித்து உடைத்தார்.

அன்று மாலைக்குள் அந்த வார்டின் கூரையில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். தரை முழுக்க மெத்தை பரப்பினார்கள். பெயின்டர்கள் ஏணிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நர்சுகள் ஏணியில் ஏறி நின்று மருந்து கொடுத்தார்கள். ஆக்சிஜன் குழாயைக் கூரை வரைக்கும் நீட்டினார்கள். முகம் தரையைப் பார்க்கக் கிடந்த தையல்காரருக்கு மற்றவர்களைவிட மூச்சு கொஞ்சம் சுலபமாக வருவதை இளம் நர்ஸ் ஒருத்தி கவனித்தாள். அதன் பிறகு எல்லோரையும் கவிழ்த்துப் போட்டார்கள். சுவரில் எடைக்காரம்மா நீலப் பெயின்டால் கோடு போட்டார். இந்தக் கோட்டைத் தாண்டினால் ஆக்சிஜன், அந்தக் கோட்டைத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிடு. முதல் வாரத்தில் ஐந்து பேர் விழுந்தார்கள். மெத்தை இருந்ததால் சத்தம் கேட்கவில்லை. அதைத் தவிர அவர்களுக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எட்டாம் நாள் மதியம் அண்ணனின் முதுகு கூரையை விட்டுப் பிரிந்தது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். இறங்குகிறாரா, விழப்போகிறாரா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. எடைக்காரம்மா ஏணியில் ஏறி, கூரைக்கும் அண்ணன் முதுகுக்கும் நடுவில் டேப்பை வைத்தார். அரை இன்ச். ஏணியிலேயே நின்றார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வைத்தார். ஒரு இன்ச். வார்டில் இருந்த நர்சுகள், துப்புரவு செய்கிறவர், கூரையில் கிடந்தவர்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மணி நேரத்தில் ஒன்றரை இன்ச் என்று சத்தமாகச் சொன்னார். வார்டே கைதட்டியது. கூரையில் இருந்தவர்களால் கைதட்ட முடியவில்லை. அவர்கள் கூரையில் காலால் தட்டினார்கள்.

பெரிய டாக்டர் அந்த நோட்டின் முக்கியமான பக்கங்களைப் பெரிதாக எழுதி மருத்துவமனை வாசலில் ஒட்டிவைத்தார். ஜனங்கள் வந்து நின்று படித்தார்கள். ஊசிக்காகத் தலைக்குமேல் வெயிலோடு ஆறு மணி நேரம் வரிசையில் நின்ற மீன் சந்தைப் பெண்கள் படித்தார்கள். படுக்கையில் கிடந்த அம்மாவைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிவந்து ஊசி போட்டவர் படித்தார். எதுவும் வரவில்லை, வீணாகத்தான் அலைந்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் படித்தார்கள். அன்றுதான் அவர்களுக்கு விஷயம் விளங்கியது: கிருமி இரக்கப்பட்டு இறங்கிவரவில்லை, தாங்கள்தான் அதற்குத் தயாராக நின்றிருக்கிறோம். வீட்டு நிலைக்கதவுகளில் குழந்தைகளின் உயரத்தைக் குறிப்பதுபோல் இவ்வளவுதான் மிதந்தோம் என்று கோடு போட்டு வைத்தார்கள். கோடு தரைக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்ததோ அவ்வளவு பெருமை. சுகாதார அலுவலகம் இரண்டாவது அறிக்கை வெளியிட்டது. அதில் லேசான வகை என்ற சொல் இல்லை. ஜனங்கள் கெட்டி என்ற வாக்கியம் மட்டும், யார் சொன்னது என்று குறிப்பிடாமல், அப்படியே இருந்தது. மறுநாள் ஊசி போடும் இடத்தில் வரிசை மூன்று தெருவைச் சுற்றி நின்றது. தங்களுக்கும் அளந்து காட்டும்படி வெளியூர்களிலிருந்து கடிதம் வந்தது. எடைக்காரம்மா நேரில் போய், மெஷினை நம்பி எழுதாதீர்கள், குனிந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

தையல்காரர் முழுசாக இறங்கப் பத்தொன்பது நாள் ஆயிற்று. எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவர் செய்த முதல் வேலை, மேல்கையில் பொத்தான் வைத்த சட்டை தைத்ததுதான். பொத்தானைக் கழற்றினால் கை மடிக்காமல் ஊசி போட்டுக்கொள்ளலாம். அதை மாட்டிக்கொண்டு தானே வரிசையில் போய் நின்றார், நாலு பேருக்குத் தன் கதையைச் சொன்னார். அந்தச் சட்டை நூற்றுக்கணக்கில் விற்றது. முழுசாக என்று சொன்னாலும் கடைசி இரண்டு விரற்கடை அவர் இறங்கவே இல்லை. டாக்டர்கள் இன்னும் பார்க்கலாம் என்றார்கள், இரண்டு வருஷம் பார்த்தார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். மாடிப்படி ஏறினால் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும். தன் பேன்ட்டை மட்டும் இரண்டு விரற்கடை நீளமாகத் தைத்துக்கொள்வார், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. மழைக்காலத்தில் மட்டும் தெரியும். தெருவெல்லாம் சேறாகக் கிடந்தாலும் அவர் செருப்பில் ஒரு பொட்டுகூட ஒட்டாது. வீட்டுத் தரை சுத்தமாக இருக்கிறது என்று அண்ணிக்கு அதில் சந்தோஷம்.